பதினொரு குதிரையும் ஒரு கைப்பிடிக் கற்பூரமும்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இஞ்சின் விஷயத்தில் பிழை இருக்காது. பானெட்டைத் திறக்காமலே, சத்தத்தைக் கேட்டு இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று சொல்லக்கூடியவன் ஜொகூரில் என் காலத்தில் நான் ஒருவன்தான். இது என் வாய் சொன்னதில்லை, என்னிடம் வண்டி விட்டவர்கள் சொன்னது. பிற்காலத்தில் என் பஸ்கள் பொந்தியான் வரைக்கும் ஓடின. அவ்வளவுக்கும் ஆரம்பம் எது என்று கேட்டால் சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே இருந்த ஒரு செம்மண் மேட்டைத்தான் காட்டுவேன்.

சிங்கப்பூருக்குக் கடலின் குறுக்கே பாதை போட்டு இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டு முடிந்த பிறகு சின்னத் துரையின் காரைக் கழுவும் வேலையும் எனக்கு இருந்தது. கழுவும்போது எதை அழுத்தினால் எது அசைகிறது என்று பார்த்துவைத்தேன். அவருடைய டிரைவர் காய்ச்சலில் படுத்த அன்று நானே போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. துரை சீமைக்குத் திரும்பும்போது அந்தக் காரை எனக்கே விற்றுவிட்டுப் போனார். என் சேமிப்பு முழுவதும், என் மனைவி கழுத்தில் தாலியைத் தவிர மற்றதும் அதற்குப் போயிற்று.

கார் சின்னது, சீமையில் செய்தது. என்னோடு நாலு பேர் உட்காரலாம். காரோடு வந்த புத்தகத்தில் பதினொரு குதிரைச் சக்தி என்று அச்சடித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரேசர்தான் வாசித்துச் சொன்னார்.

மறுநாள் விடிவதற்குள் பெரட்டுக் களத்துக்குப் போனேன். ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் அது. இனி பால் வெட்ட வரமாட்டேன், சிம்பாங்கில் வாடகைக் கார் ஓட்டப்போகிறேன் என்று கங்காணியிடம் சொன்னேன். அவர் ஆட்களின் பெயர் எழுதிய செக்ரோலைக் கையில் விரித்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உன் பேர அடிக்க மாட்டேன்டா. அப்படியே இருக்கட்டும். ரெண்டு மாசத்துல வாளியத் தூக்கிக்கிட்டு நீயே வந்து நிப்ப.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெயர் அடிக்கப்படாமல் அந்தப் புத்தகத்தில் கிடக்கிறது என்பது சாப்பிடும்போதுகூட எனக்கு ஞாபகத்துக்கு வந்தது.

அவர் சொன்னபடியே ஆகிவிடும் போலத்தான் இருந்தது. சிம்பாங் சந்தியில் எனக்கு முன்பே ஒருவர் வாடகைக் கார் வைத்திருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்ல மனிதர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய கார் அமெரிக்காவில் செய்தது. உயரம், அகலம், பெரிய பானெட். அதற்கு இருபத்திரண்டு குதிரை. சரியாக என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு.

அந்தக் காலத்து ஆட்கள் குதிரைச் சக்தி என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை இங்கே சொல்லவேண்டும். தோட்டத்து மாட்டு வண்டிகளும் எங்கள் கங்காணியின் பொறுப்பில்தான் இருந்தன. ஒரு குதிரை ஒரு ஜோடி மாட்டுக்குச் சமம் என்று அவர் தீர்மானித்துவிட்டார். பெரிய காருக்குள் இருபத்திரண்டு ஜோடி மாடு, என்னுடையதில் பதினொரு ஜோடி. எது பளு இழுக்கும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இது போதாதென்று, சின்ன இஞ்சின் வெயிலில் சீக்கிரம் களைத்துப்போகும் என்றார்கள். சத்தம் பெரிதானால் பலம் பெரிது என்றார்கள். அண்ணன் அதைக் கேட்டுப் புகைக் குழாயின் கடைசிப் பாகத்தைக் கழற்றியே எறிந்துவிட்டார். அவர் கார் வருவது அரை மைலுக்கு முன்பே கேட்கும். ஜனங்கள் அதில்தான் ஏறினார்கள். நான் நாள் முழுக்கக் காப்பிக் கடை வாசலில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

உண்மையைச் சொன்னால் நானும் அதே கணக்கைத்தான் நம்பினேன். பதினொன்று இருபத்திரண்டைவிடச் சிறியது என்று தெரிய மூன்றாம் வகுப்பு போதும்.

அந்தச் சமயத்தில் பெரிய துரையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. பிரசவத்துக்குப் போகிற பெண்களையும் நோயாளிகளையும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் அனுப்பினால் போய்ச்சேரவே பொழுது சாய்ந்துவிடுகிறது. இனி ஒரு வாடகைக் காரைத் தோட்டத்துக்கென்றே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக உத்தேசம். ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து ரோட்டுக்கு வரும் வழியில் ஒரு செம்மண் மேடு குறுக்கே கிடந்தது. ஆளை ஏற்றிக்கொண்டு எந்தக் கார் அதில் ஏறுகிறதோ அந்தக் காருக்கு வேலை. அண்ணனுக்கும் ஆள் போயிற்று, எனக்கும் வந்தது.

அவருக்கு இது கூடுதல் வருமானம். எனக்கு அப்படி இல்லை. இது கிடைத்தால் கார் என்னுடையது. கிடைக்காவிட்டால் காரை விற்றுவிட்டுக் கங்காணிக்கு முன்னால் வாளியோடு நிற்கவேண்டும்.

காப்பிக் கடையில் ஒரு லாரிக்காரன் முன்பு ஒரு சேதி சொல்லியிருந்தான். சிங்கப்பூரில் பந்தயம் ஓட்டுகிறவர்கள், துணிப் பெட்டியில் போடும் பாச்சை உருண்டையைப் பெட்ரோலில் போடுகிறார்களாம், இஞ்சினுக்குத் தனிப் பலம் வருமாம். என்னிடம் பாச்சை உருண்டை இல்லை. நான் லாரிக்காரனைவிட ஒரு படி மேலே யோசித்தேன். வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் டின்னில் கற்பூரம் இருந்தது. அதுவும் வெள்ளை, அதுவும் வாசனை. பாச்சை உருண்டைக்கு இல்லாத ஒரு குணமும் அதற்கு உண்டு. எரிந்தால் சாம்பல் மிஞ்சாது. இஞ்சினுக்குள் கரி படிவதால்தான் பலம் குறைகிறது என்று எனக்குத் தெரியும். சாம்பலே இல்லாமல் எரிகிற பொருளைவிட இஞ்சினுக்கு வேறு என்ன நல்லது? இப்படி ஒரு யோசனை பெரிய படிப்பு படித்தவனுக்குக்கூட வந்திருக்காது.

ஏற்றம் பார்க்கும் அன்று காலை ஒரு கைப்பிடிக் கற்பூரத்தை எடுத்து, அம்மிக் குழவியால் இடித்துப் பெட்ரோல் டாங்கியில் கொட்டினேன். என் மனைவி கிணற்றடியில் இருந்தாள்.

பாலை எடைபோட்டு முடித்த நேரம். வெட்டுக்காரர்கள் காலி வாளிகளோடு மேட்டின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பெரிய துரை மேட்டின் உச்சியில் தொப்பியோடு நின்றார். ஒவ்வொரு காரிலும் மூன்று பேர் ஏறவேண்டும் என்று ஏற்பாடு. டிரேசர், கங்காணி, வேலையை மேற்பார்க்கும் ஒரு தடித்த மண்டோர்.

முதலில் அண்ணன். அவர் கார் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவையெல்லாம் எழுந்து போயின. விறுவிறுவென்று பாதி மேடு ஏறியது. அந்த இடத்தில் செங்குத்து அதிகம், காரின் மூக்கு வானத்தைப் பார்த்தது. இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் நின்றது. அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பக் கிளப்பினார். கிளம்பியது, நின்றது. கீழே இறங்கி மறுபடி ஓடி வந்தார். அதே இடத்தில் அதே இருமல். டாங்கியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெட்ரோல் இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

கங்காணி இறங்கி வேட்டியை உதறினார். “என்னப்பா, இருபத்திரண்டு ஜோடியும் புல்லு மேயப் போயிடுச்சா?”

பிறகு அந்த மூன்று பேரும் என் காரில் ஏறினார்கள். மண்டோர் உட்கார்ந்ததும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. நான் முதல் கியரில் போட்டு, வேகமே காட்டாமல் ஏற்றினேன். சத்தமும் பெரிதாக இல்லை. பெரிய கார் நின்ற இடத்தைத் தாண்டினேன். அதைத் தாண்டியபோது கீழே நின்றவர்கள் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உச்சிக்கு இன்னும் இருபது அடி இருக்கும். என் காரும் இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

பின்சீட்டிலிருந்து கங்காணியின் குரல் நிதானமாக வந்தது. “இந்தப் பதினொண்ணும் அதுங்க பின்னாலயே போயிடுச்சு போல. சரி விடுடா. வாளி ஸ்டோர்லதான் இருக்கு.”

மண்டோர் இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் பானெட்டைத் திறந்தேன். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். அதில் நல்ல மணல் போல வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலில் எடுத்ததும் வாசனை வந்தது. நான் இடித்த கற்பூரம் முழுவதும் கரையவில்லை. கரையாத தூள் குழாய் வழியாக இறங்கி, ஊசி நுழையும் அளவே உள்ள துவாரத்தை அடைத்துவிட்டது. காரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு எல்லாம் நான் காலையில் செய்த காரியத்தில்தான்.

பக்கத்தில் நின்ற ஒரு வெட்டுக்காரப் பெண்ணிடம் காலி வாளியை வாங்கினேன். டாங்கிக் குழாயைக் கழற்றிப் பெட்ரோல் முழுவதையும் அதில் இறக்கினேன். தலைத்துண்டை இரண்டாக மடித்து, அதன் வழியாக அதைத் திரும்பவும் டாங்கிக்குள் வடித்தேன். துவாரத்தில் வாயை வைத்து ஊதினேன். நாக்கும் உதடும் மரத்துப்போயின. எல்லாவற்றையும் மாட்டி முன்னால் வந்து கைப்பிடியைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. மூன்று பேரும் ஏறினார்கள். மண்டோர் கல்லை வழியிலிருந்து ஓரமாகத் தள்ள மறந்துவிட்டு ஏறியதால் ஒருமுறை இறங்கி ஏறவேண்டியதாயிற்று. அவ்வளவுதான். மிச்சம் இருபது அடியையும் கார் ஒரே மூச்சில் ஏறி, துரையின் காலடியில் போய் நின்றது.

துரை காரைச் சுற்றி வந்தார், மூக்கை உறிஞ்சினார். தோட்டத்துத் துரைமார் எல்லாரும் நம் தமிழைக் கொஞ்சம் பேசுவார்கள்.

“என்ன போட்டது நீ? கோயில் மாதிரி வாசனை.”

“புகைங்க தொர” என்றேன்.

அவர் டிரேசரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஒரு மாதம் எனக்கு வேலை, அதற்குள் பெரிய கார் சரியாகி மேடு ஏறிவிட்டால் திரும்ப யோசிப்பார் என்று டிரேசர் விளக்கினார். அதைக் கேட்டுக் கங்காணி செக்ரோலைக் கக்கத்தில் இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டார்.

இதற்குள் என் கார் நின்றுபோன இடத்தில் வேறொன்று நடந்திருந்தது. என் தலைத்துண்டைக் கல்லின் மேல் போட்டுவிட்டு வந்திருந்தேன். வாளி கொடுத்த பெண் அதை எடுத்துப் பார்த்திருக்கிறாள். வெள்ளைத் தூள், முகர்ந்தால் கற்பூரம். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு. நின்ற காரில் சாமி கற்பூரத்தைப் போட்டான், கார் ஏறிவிட்டது. கற்பூரத்தை நான் வெளியே எடுத்ததைப் பத்துப் பதினைந்து பேர் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் உள்ளே போட்டதைப் பார்த்ததாகத்தான் எல்லாரும் சொன்னார்கள். நான் திருத்தப்போகவில்லை. திருத்தினால் நான்தான் என் காரை நிறுத்தியவன் என்று சொல்லவேண்டும்.

என் மனைவி மட்டும் மாற்றிச் சொன்னாள். “சாமிக்கு வச்சத எடுத்து எண்ணெயில போட்டீங்கல்ல? அதான் நின்னுச்சு.” காரணம் வேறானாலும் அவள் சொன்னது சரி.

அடுத்த வாரம் கார்புரேட்டரை முழுசாகச் சுத்தம் செய்ய ஜொகூர் பாருவுக்குப் போனேன். அங்கே ஒரு சீன மெக்கானிக் இருந்தார், மலாய் பேசுவார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஒரு காலிப் பால் டின்னையும் ஒரு மூங்கில் குழாயையும் எடுத்து மேஜையில் வைத்தார். டின்னுக்கு வாய் அகலம், ஆழம் குறைவு. மூங்கிலுக்கு வாய் குறுகல், ஆழம் அதிகம். சீமையில் காருக்கு வரி போடுவதற்காக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கில் இஞ்சின் உருளையின் வாயை மட்டும்தான் அளப்பார்கள், ஆழத்தை அளப்பதே இல்லை என்றார். அதனால் சீமைக்காரன் வாயைக் குறுக்கி ஆழத்தைக் கூட்டி இஞ்சின் செய்கிறான், வரி குறைகிறது. அமெரிக்காக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை, அகலமாகச் செய்துவிடுகிறான். புத்தகத்தில் இருக்கும் பதினொன்றும் இருபத்திரண்டும் வரிக்கான எண், பலத்துக்கான எண் அல்ல. நிஜத்தில் என் சின்ன இஞ்சின் அந்தப் பெரிய இஞ்சினுக்கு ஒன்றும் இளைத்தது இல்லை.

இரண்டிலும் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நான் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டேன். இதையே படித்தவர்களுக்கு நான் பிறகு பத்துத் தடவை சொல்லியும் புரியவில்லை.

அப்படியானால் அந்தப் பெரிய கார் ஏன் நின்றது என்று கேட்டேன். அதற்கும் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றார். அந்தக் காரில் பெட்ரோல் டாங்கி முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் தானாகத்தான் இஞ்சினுக்கு ஓடவேண்டும். காரின் மூக்கு மேலே போனால் டாங்கி கீழே போய்விடுகிறது, டாங்கி நிறைய இல்லாவிட்டால் பெட்ரோல் இஞ்சினுக்கு ஏறாது. உன்னுடையதில் டாங்கி கண்ணாடிக்கு முன்னால் இஞ்சினை ஒட்டி உயரத்தில் இருக்கிறது, அதனால் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. அந்த ஆள் காரைத் திருப்பி, பின்கியரில் பின்பக்கமாக ஏற்றியிருந்தால் முனகாமல் ஏறியிருக்கும் என்றார்.

நான் திரும்பி வந்த மறுநாளே அண்ணன் காப்பிக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு கோப்பைக் காப்பியை எனக்கு வாங்கி வைத்தார். அவரும் துண்டு விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

“தம்பி, ஒளிக்காம சொல்லு. எவ்வளவு போட்ட?”

எனக்குச் சொல்வதற்கு இரண்டு விஷயம் இருந்தது. கற்பூரம் போடாதீர்கள் என்பது ஒன்று. பின்பக்கமாக ஏறுங்கள் என்பது இன்னொன்று. எதைச் சொன்னாலும் அவர் மேட்டுக்குத் திரும்ப வருவார். இரண்டாவதைச் சொன்னால் ஏறியும் விடுவார். அவர் காரில் இன்னும் இரண்டு பேரை அதிகமாக ஏற்றலாம், துரை அதைப் பார்ப்பார். கங்காணியின் புத்தகத்தில் என் பெயர் அடிக்கப்படாமல்தான் இருந்தது.

“ஒரு கைப்பிடிண்ணே” என்றேன்.

“முழுசாவா, இடிச்சா?”

“இடிச்சு.”

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்த மாதக் கடைசியில் அவர் துரைக்குச் சொல்லியனுப்பிவிட்டு வந்தார். இந்த முறை மேடு வரைக்கும் அவர் கார் வரவில்லை. சமதரையில், ரப்பர்த் தாள் உலர்த்தும் புகைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அவர் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். உச்சியில் காத்திருந்த துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு பங்களாவுக்குத் திரும்பிப் போனார். நான் என் காரில், வயிற்று வலிக்காரி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அவரைக் கடந்து போனேன். அவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

அன்று மாலை கங்காணி என்னைக் கூப்பிட்டு செக்ரோலைத் திறந்தார். நான் நன்றாக வாசிக்கத் தெரியாதவன், ஆனால் என் பெயர் எப்படி இருக்கும் என்று தெரியும். அவர் பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதிதாகக் கப்பலில் வந்த ஒருவனின் பெயரை எழுதினார். எனக்கு அன்றைக்குத்தான் கார் சொந்தமானது.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் அண்ணன் தம் காரை விற்றுவிட்டார். என்னிடம் அப்போது இரண்டு பஸ்கள். அவரே வந்து கேட்டார், வேலை கொடுத்தேன். என் டிரைவர்களில் அவரைப்போல் பிரேக் பிடிக்கத் தெரிந்தவர் வேறு இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் வண்டி எடுப்பதற்கு முன் டாங்கிக்குள் ஒரு கட்டிக் கற்பூரம் போடுவார். அன்றைக்குப் புகைக் கொட்டகைப் பக்கத்தில் நின்றது ஏன் என்று மற்ற டிரைவர்கள் கேட்டால், கற்பூரத்தை மளிகைக் கடைக் கிழவனிடம் வாங்கினேன், கலப்படம் என்பார். என் முதலாளிக்குக் கைகொடுத்தது சுத்தக் கற்பூரம் என்பார்.

பின்பக்கமாக ஏற்றவேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவே இல்லை. என்னிடம் வேலைக்கு வந்தபோது அவரிடம் அந்தக் கார் இல்லை. அவர் ஓட்டும் பஸ்ஸின் டாங்கி வாய்க்குள் மட்டும் மெல்லிய கம்பி வலை ஒன்றை வைத்து, அதன் மேல் துணி போட்டுக் கட்டினேன். சனிக்கிழமை காலையில் நானே போய் அதைக் கழற்றி, உதறி, திரும்பவும் கட்டிவிட்டு வருவேன். பதினாறு வருஷம் அவர் அந்தத் தடத்தில் ஓட்டினார். ஒரு நாள்கூட வண்டி வழியில் நின்றதில்லை.